ஆட்டம் சூப்பர், ஆள் வம்பு... இப்படிப்பட்ட வீரரை அணிகள் வாங்கலாமா?

மேற்கு மாம்பலம்:

மேற்கு மாம்பலத்தில் கிரிக்கெட் பேச்சு இல்லாத டீக்கடை கிடையாது. அஸ்வின் வளர்ந்த ஏரியா ஆச்சே! ராமகிருஷ்ணபுரம் 1-வது தெருவில் ஆடிய பையன் டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த கதையை இங்கே சின்னப் பிள்ளைகூட சொல்லும். அந்த டீக்கடை பெஞ்சுகளில் எத்தனை தடவை பேசினாலும் தீராத சண்டை ஒன்று உண்டு. ஆட்டத்தில் சூரன், ஆனா மைதானத்துக்கு வெளியே வம்பு. அப்படிப்பட்ட ஆளை ஒரு அணி காசு கொடுத்து வாங்கலாமா, கூடாதா?

இந்தச் சண்டையை மறுபடி கிளப்பிவிட்டவர் பிருத்வி ஷா. 2018-ல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலக கோப்பையை வென்ற இந்திய அணிக்கு கேப்டன். அதே வருஷம் அக்டோபரில் ராஜ்கோட்டில் முதல் டெஸ்ட், முதல் ஆட்டத்திலேயே 134 ரன். அடுத்த சச்சின் என்று தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். 2019-ல் இருமல் மருந்தில் இருந்த தடை செய்யப்பட்ட பொருளால் 8 மாதம் தடை. அப்புறம் உடற்தகுதி சரியில்லை, ஒழுங்கு சரியில்லை என்று வரிசையாகப் புகார்கள். 2024 அக்டோபரில் மும்பை ரஞ்சி அணியே கழற்றிவிட்டது. அடுத்த மாதம் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 75 லட்சத்துக்குக் கூட கேட்க ஆள் இல்லை.

அவர் மூட்டை கட்டிக்கொண்டு மகாராஷ்டிரா அணிக்குப் போனார். 2025 ஆகஸ்டில் நம்ம சென்னைக்கு வந்து புச்சிபாபு போட்டியில் 111 ரன் அடித்தார். அக்டோபரில் சண்டிகருக்கு எதிராக ரஞ்சியில் 222 ரன். டிசம்பர் 16-ந்தேதி அபுதாபி ஏலத்தில் முதல் சுற்றில் மறுபடியும் யாரும் கை தூக்கவில்லை. கடைசியில் டெல்லி அணி அதே 75 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது.

இதில் டெல்லி செய்தது தப்பா? தப்பே இல்லை. ஷாவால் கெட்டது யார்? அவரேதான். வேறு ஒருத்தர் வீட்டு விளக்கு அணையவில்லை. ஆட்டத்தை அவர் விலை பேசவும் இல்லை. விலையும் அடிமட்ட விலை. திருந்தினால் லாபம், திருந்தாவிட்டால் 75 லட்சம் போச்சு, அவ்வளவுதான்.

சென்னைக்காரர்கள் விரல் நீட்டலாமா?

இந்த விஷயத்தில் சென்னை ரசிகர்கள் அடுத்தவரைப் பார்த்து விரல் நீட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ரவீந்திர ஜடேஜாவை எடுத்துக்கொள்வோம். 2008, 2009 இரண்டு சீசனும் ராஜஸ்தான் அணியில் ஆடினார். அந்த அணியோடு புது ஒப்பந்தம் போடாமல், வேறு அணியோடு நேரடியாகப் பேரம் பேசினார் என்று 2010 சீசன் முழுக்க அவரை வெளியே உட்கார வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 21. இவன் காசுக்கு அலைகிறான், அணிக்கு விசுவாசம் கிடையாது என்று பேசாதவர்கள் கிடையாது.

அந்த ஜடேஜாவைத்தான் 2012 ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 20 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அப்போதைய மதிப்பில் கிட்டத்தட்ட 10 கோடி ரூபாய். இத்தனை காசா என்று அன்றைக்கு கேட்ட அதே வாய்கள்தான், 2023 மே மாதம் அகமதாபாத் இறுதிப் போட்டியில் கடைசி 2 பந்தில் சிக்சரும் பவுண்டரியும் போனபோது விசில் அடித்தன. 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்காக அவரை ராஜஸ்தானுக்கே மாற்றிக் கொடுத்தபோது நிறைய பேர் வீட்டில் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆட்டக்காரரை விடுங்கள், அணியே மாட்டவில்லையா? சூதாட்ட விவகாரத்தில் லோதா கமிட்டி 2015 ஜூலையில் தீர்ப்பு சொல்லி, 2016, 2017 இரண்டு வருஷமும் சென்னை அணி ஐ.பி.எல். பக்கமே வர முடியாமல் போனது. 2018-ல் திரும்பி வந்தது, அந்த வருஷமே கோப்பையைத் தூக்கியது. மஞ்சள் சட்டையை யாரும் குப்பையில் போடவில்லை. ஒரு அணியையே மன்னித்த ஊர், ஒரு ஆளை மன்னிக்கக்கூடாது என்றால் எப்படி?

கால்பந்திலும் நடந்தது

கிரிக்கெட் அளவுக்கு இங்கே கால்பந்துக்கு கூட்டம் இல்லை. ஆனா சென்னையின் எப்.சி. இரண்டு தடவை ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கிய அணி. அதன் முதல் பெரிய ஸ்டார் பிரேசில்காரர் எலானோ. 2014 சீசனில் 8 கோல் போட்டு போட்டியிலேயே முதலிடம். அடுத்த வருஷம் அவர்தான் கேப்டன்.

2015 டிசம்பர் 20-ந்தேதி கோவா பட்டோர்டா மைதானத்தில் இறுதிப் போட்டி. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் கோவா கோல்கீப்பரின் சொந்தக் கோல், அடுத்து மென்டோசாவின் கோல், 3-2 என்று கோப்பை சென்னைக்கு! அந்தக் கொண்டாட்டம் முடிவதற்குள், எலானோ தன்னைத் தாக்கினார் என்று கோவா அணியின் உரிமையாளர்களில் ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். கோப்பை வாங்கிய கேப்டன் அன்று ராத்திரி கைதாகி, ஜாமீனில் வெளியே வந்தார். அடுத்த சீசன் அவர் சென்னைக்கு ஆடவில்லை, பிரேசிலின் சான்டோஸ் கிளப்புக்குப் போய்விட்டார். (அந்த அணிக்கு அப்போது கோச் யார் தெரியுமா? 2006 உலக கோப்பை இறுதியில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய அதே மடராசி!)

எலானோ விஷயம் ஒரு ராத்திரியின் தகராறு. எல்லா வம்பும் அப்படி இல்லை. டீக்கடை சண்டை தீராததற்குக் காரணமே, எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுவதுதான்.

யாருக்கு என்ன செய்தார்?

ஒரு ஆளை வாங்குவதற்கு முன் அணி கேட்க வேண்டிய கேள்வி, இவர் எவ்வளவு நல்லா ஆடுவார் என்பது இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். அவர் செய்ததால் அடிபட்டது யார், அதுதான் கேள்வி.

தனக்குத்தானே கெடுதல் செய்துகொண்டவர் ஒரு ரகம். அவருக்குத் தேவை தடை அல்ல, கூடவே நிற்கிற ஆள். இத்தாலி வீரர் டொனாலியை இங்கிலாந்தின் நியூகாசில் அணி 2023-ல் பெரும் காசு கொடுத்து வாங்கியது. சில மாதத்திலேயே, கால்பந்து ஆட்டங்களில் பந்தயம் கட்டினார் என்று 10 மாதம் தடை. சூதாட்டப் பழக்கம் ஒரு வியாதி மாதிரி அவரைப் பிடித்திருந்தது. அணி அவரைத் துரத்தவில்லை, சிகிச்சை எடுக்கவைத்துக் காத்திருந்தது. 2025 மார்ச்சில் லிவர்பூலை வீழ்த்தி நியூகாசில் லீக் கோப்பை வாங்கியபோது அவர் நடுக்களத்தில் இருந்தார்.

ஆட்டத்தையே விற்றார் என்ற புகார் வேறு ரகம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, வேலைக்கு லீவு போட்டு வந்து உட்காருகிற ரசிகனின் மடியில் கைவைக்கிற வேலை அது. ஸ்ரீசாந்தை 2013 மே மாதம் டெல்லி போலீசார் கைது செய்தார்கள். கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை போட்டது. 2015-ல் கோர்ட்டு வழக்கில் இருந்து விடுவித்தது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை மறுபடி பார்க்கச் சொல்ல, தடை 7 வருஷமாகக் குறைந்து 2020 செப்டம்பரில் முடிந்தது. 2021 ஜனவரியில் கேரளா அவரை முஷ்டாக் அலி போட்டியில் இறக்கியது. ஐ.பி.எல். அணிகளோ அவரை எடுக்கவில்லை. சொந்த ஊர் கதவைத் திறந்தது, காசு இருக்கிற ஊர் திறக்கவில்லை. 37, 38 வயசில் யார் எடுப்பார்கள் என்பதும் உண்மைதான்.

இன்னொருத்தரை, அதுவும் ஒரு பெண்ணைக் காயப்படுத்தினார் என்ற புகார்தான் இருப்பதிலேயே கஷ்டமான ரகம். மான்செஸ்டர் யுனைடெட் வீரர் கிரீன்வுட் 2022 ஜனவரியில் கைதானார். 2023 பிப்ரவரியில் முக்கிய சாட்சிகள் விலகியதால் வழக்கு கைவிடப்பட்டது. கோர்ட்டு குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனாலும் ரசிகர்களின் எதிர்ப்பு அடங்காததால், அவர் இனி எங்கள் அணியில் ஆடமாட்டார் என்று கிளப் அந்த ஆகஸ்டில் அறிவித்தது. 2024-ல் பிரான்சின் மார்செய் கிளப் வாங்கப்போனபோது அந்த ஊர் மேயரே எதிர்த்தார். கிளப் கேட்கவில்லை, வாங்கிவிட்டது.

இதற்கு நேர் எதிரான கதை இலங்கையில் உண்டு. தனுஷ்க குணதிலக 2022 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பாலியல் புகாரில் கைது செய்யப்பட்டார். இலங்கை வாரியம் உடனே சஸ்பெண்ட் செய்தது. 2023 செப்டம்பரில் அவர் குற்றமற்றவர் என்று கோர்ட்டு விடுதலை செய்தது. அதற்கு அடுத்த மாதம் வாரியமும் தடையை நீக்கியது. புகார் வந்தவுடன் ஒதுக்கி வைத்ததும் சரி, தீர்ப்பு வந்தவுடன் சேர்த்துக்கொண்டதும் சரி. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்கிற அணிகள்தான் குறைவு. கோல் அடிக்கிறவனுக்கு புகார் வந்தால் பொறுப்போம் என்பார்கள், பெஞ்சில் உட்காருகிறவனுக்கு வந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழிப்பார்கள்.

நம்ம தெரு பையனுக்கு?

இந்த 'பொறுப்போம்' என்கிற வார்த்தை கோடி ரூபாய் ஆட்டக்காரருக்கு மட்டும்தானா என்பதுதான் மேற்கு மாம்பலம் மாதிரி ஏரியாக்களுக்கு உண்மையான கேள்வி.

துரைசாமி சப்வே வழியாக அந்தப் பக்கம் போனால் தி.நகர் சோமசுந்தரம் மைதானம். அங்கே ஒரே நேரத்தில் எத்தனை மேட்ச் நடக்கும் என்று எண்ண முடியாது. அங்கே ஓடுகிற பையன்களில் நூற்றில் ஒருத்தன்கூட ஐ.பி.எல். போகமாட்டான். அவன் வீட்டுக் கனவு அது இல்லை. ரயில்வே, ஐ.சி.எப்., இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, இப்படி ஏதாவது ஒரு இடத்தில் விளையாட்டு கோட்டாவில் ஒரு வேலை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம், போலீஸ் தேர்வில் 10 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. அப்பா ஆட்டோ ஓட்டுவார், அம்மா வீட்டு வேலைக்குப் போவார். பையனுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்பைக்ஸ் ஷூ அந்த வேலையை நம்பித்தான்.

அந்தப் பையன் ஒரு நாள் ரன் அவுட் தகராறில் கைகலப்பில் இறங்கினான் என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். ஆபாசமாகத் திட்டினான், கையால் அடித்தான், மிரட்டினான் என்று ஒரு எப்.ஐ.ஆர். இரண்டு நாளில் அடித்தவனும் அடிபட்டவனும் தோளில் கை போட்டுக்கொண்டு ஒன்றாக பரோட்டா சாப்பிடுவார்கள். எப்.ஐ.ஆர். மட்டும் அப்படியே இருக்கும். நாலு வருஷம் கழித்து வேலை கிடைத்து, போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அது எழுந்து நிற்கும். எலானோ ஒரு ராத்திரியில் ஜாமீன் வாங்கி அடுத்த கிளப்புக்குப் போனார். இவனுக்கு அடுத்த கிளப் கிடையாது.

தமிழக போலீஸ் வேலைக்கு இன்னும் கறார். சாட்சி பல்டி அடித்தோ, சந்தேகத்தின் பலனிலோ விடுதலை ஆனால் கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதலாம் என்கிறது விதி. சும்மா சமாதானம் பேசி, சாட்சி வராமல் கேஸ் தள்ளுபடியானால் போதும் என்று நினைக்கிற பெற்றோர் நிறைய. அது போதாது.

ஆனா வழியே இல்லை என்றும் இல்லை. 2016 ஜூலையில் அவ்தார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. இளம் வயசில் செய்த அற்பமான குற்றம் என்றால், வேலை கொடுக்கிறவர் அதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்றது. ஆனால் விண்ணப்பத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். கேஸ் சின்னதாக இருந்தாலும், மறைத்ததற்காகவே வேலை போகலாம். உண்மையைச் சொன்னாலும், எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த அலுவலகத்துக்கு உண்டு. 18 வயசு ஆவதற்கு முன் நடந்தது என்றால் சிறார் நீதி சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, கொடிய குற்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டவர் தவிர மற்றவருக்கு அதை வைத்து தகுதி நீக்கம் செய்யக்கூடாது.

அதாவது, ஷாவுக்கு டெல்லி அணி கொடுத்த சலுகையை ஒரு ரயில்வே அணியோ வங்கி அணியோ தெரு பையனுக்குக் கொடுக்க சட்டம் இடம் கொடுத்துவிட்டது. கொடுப்பதும் மறுப்பதும் ஃபைலில் கையெழுத்து போடுகிற அதிகாரி கையில். அங்கே ஆட்டத்தைப் பார்த்த கோச் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் எடை கூடும். எந்த அணியாக இருந்தாலும், தேர்வு நடத்தும்போதே பையனிடம் இதைக் கேட்டு, ஃபார்ம் நிரப்பும் முன் அவனுக்கு விஷயம் தெரிந்த ஆளைக் காட்டிவிட்டால் பாதி பிரச்சினை தீரும்.

வக்கீலுக்கு காசு இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் போட்டால், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் கிடைப்பார். போகும்போது எப்.ஐ.ஆர். நகல், கோர்ட்டு உத்தரவு இருந்தால் அதன் சான்று நகல், வேலைக்கு வந்த கடிதம் மூன்றையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.