பழகின உடம்பாம்!

போன வருஷம் வெள்ளவத்தையில ஜிம்மில டெட்லிப்ட் செய்யேக்க இடுப்பில சுளீர் என்று ஒரு வெட்டு. இடது கால் பெருவிரல் மட்டும் கரண்ட் அடிச்ச மாதிரி. ஸ்கேன் எடுத்தால், நாரிப் பக்கம் ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கு. ஆறு கிழமை ஓய்வு, பிசியோதெரபி, அம்மாவின்ர ஏச்சு. கண்டவனெல்லாம் "போர்ம் பிழை மச்சான்" என்று வகுப்பெடுத்தான். சரி, பிழைதான்.

அந்த நாட்களில ஒருநாள் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவால நடந்தன். லொறியிலிருந்து 50 கிலோ மூட்டைகளை நாட்டாமிமார் முதுகில ஏற்றிக்கொண்டு ஓடுகினம். கொட்டாஞ்சேனை மாமாவிடம் இதைச் சொல்ல, "அவங்களுக்கு அது பழகின உடம்படா" என்றார். இவ்வளவு வசதியான பொய்யை நான் கேட்டதில்லை.

தசை பழகும், உண்மை. டிஸ்க் வேறு சாமான். நடுவில ஜெல்லி, சுற்றிவர நார் வளையம். வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் இரத்த ஓட்டம் இல்லையென்றே சொல்லலாம். கிழிந்த நார் ஆறுவது மெத்தக் கஷ்டம். குனிந்த நிலையில் பாரத்தோடு இடுப்பைத் திருப்புவது அதற்கு இன்னும் கேடு. லொறியடியில் வேறெப்படித் திரும்புவது?

எனக்கு நொந்தால் பிளேட்டைக் கழற்றுவன். மூட்டைக்கணக்கில் கூலி வாங்குகிறவர் எதைக் கழற்றுவார்?

1967இல் சர்வதேச தொழில் தாபனம் ஆண் ஒருவருக்கு 55 கிலோ உச்சம் என்று பரிந்துரைத்தது. அதைக் காட்டி 50 கிலோ சரியென்று வாதிடலாம். ஆனால் 1991இல் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் போட்ட கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்தாலே 23 கிலோதான். வேலைக்காயத்துக்கான நட்டஈட்டுச் சட்டம் எங்கட நாட்டில் 1934இலேயே வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்க ஒரு முதலாளி வேணும். காலையில் ஒரு கடை, பின்னேரம் இன்னொரு கடை என்று தூக்குகிறவருக்கு யார் முதலாளி? அதுவும் வருஷக்கணக்காகத் தேய்ந்த முதுகு எந்த மூட்டையில போனது என்று எப்படி நிரூபிப்பது?

எங்கட வீட்டுக்கு அரிசி 5 கிலோ, 10 கிலோ பையில வருது, எங்களுக்குக் கை நோகக்கூடாதாம். அப்ப மொத்தக் கடைக்கும் 25 கிலோ மூட்டை கட்ட முடியும். ஆனால் மூட்டையைப் பாதியாக்கி, கூலியையும் பாதியாக்கினால் அது வேறொரு திருட்டு. கூலி நிறைக்கணக்கில் இருக்கவேணும், தள்ளுவண்டி போக வழியும் விடவேணும்.

மாமாவுக்கு இதைச் சொன்னன். "அப்ப அரிசி விலை கூடுமே" என்றார். கூடினால் கூடட்டும், மாமா.