எட்டு ரூபாய் ரம்மி



பொங்கலுக்கு வீட்டில் ரம்மி ஆடினோம். (சிரிக்காதீர்கள், வாத்தியாரும் ஆடுவார்.) பாயிண்டுக்கு 10 பைசா. ஃபுல் கவுண்ட் 80 வாங்கினாலும் 8 ரூபாய்தான் போகும். உறவுக்காரர் ஒருவர் சீட்டுப் போடும்போதெல்லாம், அடியில் வைத்த ஜோக்கரைத் தனக்கே போட்டுக்கொண்டார். மூன்று ஆட்டம் கவனித்தேன்.

"எட்டு ரூபாய்க்கா சண்டை?" என்றாள் என் மனைவி. பணம் போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரனும் பார்த்துவிட்டானே! நான் வாயை மூடிக்கொண்டால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்?

அதற்காகச் சபையில் கேட்பதும் சரியில்லை. பரீட்சையில் பிட் அடித்த பையனை ஒருமுறை வகுப்பின் முன்னால் நிறுத்தினேன். மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கே வரவில்லை. இன்றும் அது என் தப்பு என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே, "இனிமேல் ஒருத்தர் கலைக்கட்டும், பக்கத்து ஆள் வெட்டி வைக்கட்டும்" என்று மட்டும் பொதுவாகச் சொன்னேன். ஆட்டம் முடிந்ததும் அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்ப் பார்த்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

படுக்கும்போது பேரன், "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா தாத்தா?" என்றான்.

"சொல்லிட்டேன்டா" என்றேன்.