வீதி கூட்டும் இயந்திரம்: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

2025 ஜனவரி 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தை ஆரம்பித்து வைத்தார். அதன் பின்னர் நகரத் தூய்மை பற்றிய பேச்சு வடக்கிலும் வலுத்திருக்கிறது. கூட்டும் இயந்திரம் ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. அது பாதி உண்மை மட்டுமே.

இந்த இயந்திரத்தின் பக்கத் தூரிகைகள் சுழன்று வீதியோரக் குப்பையை நடுவே தள்ளுகின்றன. தூசி கிளம்பாதிருக்க நீர் தெளிக்கப்படுகிறது. பின்னர் குப்பை உறிஞ்சப்பட்டுத் தாங்கியில் சேர்கிறது. இதற்குச் சீரான தார் அல்லது கொங்கிறீற் தளமும், ஒழுங்கான கல் விளிம்பும், வாகனங்கள் நிறுத்தப்படாத ஓரமும் தேவை.

போருக்குப் பின் எமது பிரதான வீதிகள் 'காப்பெற்' வீதிகளாயின. ஆனால் அவற்றில் பலவற்றின் ஓரம் இன்னமும் மணல்தான். மணல் ஓரத்தில் இயந்திரம் குப்பையோடு மண்ணையும் அள்ளித் தாங்கியை நிரப்பிவிடும். திறந்த வடிகாலில் அடைத்துக் கிடக்கும் பிளாஸ்ரிக்கையோ குறுகிய ஒழுங்கையையோ அதனால் தொட முடியாது. மாரியில் வெள்ளம் தேங்குவதற்குக் காரணமாகும் குப்பை அங்கேதான் கிடக்கிறது.

பராமரிப்பு அடுத்த கேள்வி. தூரிகைகள் விரைவில் தேய்பவை. உதிரிப்பாகங்களுக்கு இறக்குமதியை நம்பியிருக்க வேண்டும். 2022இல் டொலரும் டீசலும் இல்லாமல் நாடு நின்றதை நாம் மறக்கவில்லை. வருடாந்தப் பராமரிப்புச் செலவை ஒதுக்காத சபைக்கு, நன்கொடையாகக் கிடைக்கும் இயந்திரமும் சுமையே.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடியற்காலையில் வீதிக்கு வரும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நிரந்தர நியமனம் கோரிச் சுகாதாரத் தொழிலாளர்கள் வடக்கில் பல தடவைகள் போராடியுள்ளனர். பேருந்துகளுக்கு நடுவே குனிந்து கூட்டும் ஆபத்திலிருந்து இயந்திரம் அவர்களை விடுவிக்குமானால் வரவேற்கலாம். அவர்களது வேலையைப் பறிக்க அது சாட்டாகக் கூடாது. பிரதான வீதிகளை இரவில் இயந்திரம் கூட்டட்டும். வடிகால்களையும் ஒழுங்கைகளையும் கையுறை, முகக்கவசம், நிரந்தர நியமனம் பெற்ற தொழிலாளர்கள் பார்க்கட்டும். அந்த இயந்திரத்தை இயக்கும் பயிற்சியும் அவர்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும்.

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. இன்னும் தேர்தல் இல்லை. உள்ளூராட்சி மன்றங்களும் இரண்டு வருடங்களுக்கு மேலாக அதிகாரிகளின் கையில் இருந்தே 2025 மே 6ஆம் திகதித் தேர்தலைக் கண்டன. எனவே இன்று மக்கள் நேரடியாகக் கேள்வி கேட்கக்கூடிய இடம் உள்ளூர்ச் சபைதான். இயந்திரம் எப்போது வரும் என்று கேட்பதோடு நில்லாமல், அது எந்த வீதிக்கு, யாருடைய கையில், எத்தனை வருடத்துக்கு என்றும் கேட்போம்.