விரிப்பு வாங்குமுன் தரையைப் பாருங்கள்



தரைக்கு வினைல் விரிப்பு ஒட்டலாமா என்று கேட்கும் சகோதரிகள் அதிகமாகிவிட்டனர். பார்க்க அழகு, டைல்ஸை விட மலிவு, காலுக்கும் இதம். கடைக்காரர் நிறத்தையும் பூவையும் காட்டுவார். அடியிலுள்ள தரையை நாம்தான் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பகுதி வீடுகளின் நிலை வேறு. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் நம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். 2009இல் போர் முடிந்த பின் திரும்பியவர்களில் பலர் கண்டது கூரையில்லாத சுவர்களைத்தான். புதுக் கூரை போட்டு, வெடித்த தரைக்கு மேலால் சாந்து பூசிக் குடியேறினார்கள். அந்தப் பழைய தரைகள் பலவற்றின் அடியில் ஈரம் தடுக்கும் பொலித்தீன் கிடையாது. மாரியில் நிலத்து ஈரம் சீமெந்தின் நுண்துளைகள் வழியே மேலேறும். வெறுந்தரையென்றால் அது காற்றோடு போய்விடும், நாம் கவனிப்பதுமில்லை. வினைலோ நீரைப் புகவிடாது. கீழே அடைபட்ட ஈரத்தில் பசை இளகும், ஓரம் எழும்பும், பூஞ்சணம் பிடித்து வீடு நாறும். முட்டு வருத்தமுள்ள பிள்ளை இருந்தால் அதன் பாடு என்ன? சீட்டுக் காசை எடுத்து இந்த வருத்தத்தையா வாங்குவது!

சோதிப்பது எளிது. இரண்டடிச் சதுரப் பொலித்தீனைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ ஒட்ட வேண்டாம். இதை மாரியில் செய்யுங்கள். வைகாசி வெயிலில் எந்தத் தரையும் நல்ல தரைதான். புதுச் சீமெந்தென்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் காயவிடுவது பொதுக் கணக்கு. மேசன் அவசரப்படுத்துவார், அசையாதீர்கள்.

என்னைக் கேட்டால், வெடிப்பில்லாத பழைய சிவப்புச் சீமெந்துத் தரை உள்ளவர்கள் அதை மினுக்கிவைத்துப் பாய் விரித்தாலே போதும்.

சுத்தத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். சுத்தமான வினைலில் முஸல்லா இல்லாமலும் தொழலாம். பிள்ளை சிறுநீர் கழித்தால்? பள்ளிவாசலில் நாட்டுப்புற அரபி ஒருவர் சிறுநீர் கழித்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அது உறிஞ்சும் மண் தரை. வினைல் உறிஞ்சாது. ஆகவே முதலில் துணியால் ஒற்றியெடுத்து, பிறகு தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். ஈரத்துணியால் மட்டும் இழுத்தால் நஜீஸ் பரவும். மூட்டுகள் சரியாக ஒட்டப்படாவிட்டால் அந்தத் தண்ணீர் அடியில் போய் நிற்கும்.

குசினியில் அடுப்பருகே வேண்டாம், சுடுசட்டி பட்டால் உருகும். ரப்பர் அடியுள்ள கால்மிதியும் மஞ்சள் கறை பிடிக்கும். தையற்கடைக்கு வாங்குவோர் மேல் தேய்மானப் படலம் எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள். வீட்டுக்கு 0.3 போதும், ஆள் நடமாடும் கடைக்கு 0.5 வேண்டும். மெஷின் காலுக்கு அடியில் சிறு பலகைத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் குழி விழும்.