'வாங்கு' என்னும் சொல்லின் பொருள்

இணையத்தில் வாங்கிய படமும் வட்டில் வாங்கிய படமும் ஒன்றே என்னும் வாதம், 'வாங்குதல்' என்ற சொல்லையே பிழையாகப் படிக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் முதல் விற்பனைக் கோட்பாடு, அதாவது முறையாக வாங்கிய படியை மறுவிற்பனை செய்யவோ இரவல் தரவோ வாங்கியவருக்குள்ள உரிமை, வட்டுக்குப் பொருந்துகிறது; இணையத்தில் கிடைப்பதோ பெரும்பாலும் உரிமம் எனப்படும், நிபந்தனைக்குட்பட்ட பார்வை அனுமதி மட்டுமே.

2023 டிசம்பரில், பணம் கொடுத்து வாங்கப்பட்ட டிஸ்கவரி நிகழ்ச்சிகள் வாடிக்கையாளரின் சேகரிப்பிலிருந்து நீக்கப்படும் என்று பிளேஸ்டேஷன் அறிவித்தது. பின்னர் புதிய உடன்பாட்டால் அம்முடிவு கைவிடப்பட்டபோதும், உறுதியளிக்கப்பட்ட காலம் குறைந்தது 30 மாதங்கள் என்பதே (வாங்கிய பொருளுக்குத் தவணை குறிக்கும் விந்தை இது). உரிமமே விற்கப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்தாமல் 'வாங்கு' என்று விளம்பரப்படுத்துவதை 2025 முதல் கலிஃபோர்னியச் சட்டம் தடுக்கிறது. வட்டின் உலோகப் பூச்சும் காலப்போக்கில் அரிபடக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் அது வேதியியலின் வேலையேயன்றி ஒப்பந்தத்தின் வேலையன்று.