யாருடைய வேதனை?

எங்கள் எதிர்வீட்டு அம்மாள் இரக்கமுள்ளவர். கோடைக்காலத்தில் மொட்டைமாடியில் காக்கைகளுக்குத் தண்ணீர் வைப்பவர். அவர்தான் ஒருநாள் எங்கள் வாசலில் நின்று, மணியைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வாயில்லா ஜீவனப் போட்டு ஏம்மா இப்படி வதைக்கிறீங்க? ஒரு ஊசியப் போட்டா நிம்மதியாப் போய்ச் சேந்துடுமே." குரலில் கடுமை சிறிதும் இல்லை. கண்கள் கலங்கியிருந்தன.

அந்தக் கேள்விக்கு அன்று நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அதன்பின் உறவினர்களும் நண்பர்களும், மருந்துக்கடைக்காரரும்கூட, அதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களில் ஒருவரும் கல்நெஞ்சர் அல்லர். ஆகவேதான் அதற்கு ஒழுங்கான ஒரு பதிலைத் தேடவேண்டும் என்று தோன்றியது.

மணி தெருநாய்க்குப் பிறந்தவன். மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், தாம்பரத்துக்கு அப்பால் எங்கள் தெருமுனையில் பாதி கட்டி நிறுத்தப்பட்ட வீடொன்றில் ஆறு குட்டிகள் இருந்தன. மூன்று மாத வயதிருக்கும். முதலில் ஒரு குட்டிக்குக் கண்ணில் பீளை தள்ளியது. பிறகு மூக்குச்சளி, இருமல், கழிச்சல். இரண்டு வாரங்களுக்குள் நான்கு குட்டிகள் மாண்டன. ஐந்தாவதை யாரோ எடுத்துச் சென்றார்கள். அதன் கதி தெரியவில்லை. எஞ்சிய ஒன்றை நாங்கள் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனோம்.

மருத்துவர் பார்த்த உடனே 'டிஸ்டெம்பர்' என்றார். அதற்கென நேரடியான மருந்து ஏதும் கிடையாது என்பதையும் சேர்த்தே சொன்னார். உடல் வற்றாமல் திரவம் ஏற்றலாம். வைரஸின் பின்னால் வரும் பாக்டீரியாத் தொற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தரலாம். மற்றபடி குட்டியின் உடல்தான் போராடவேண்டும். சளியும் கழிச்சலும் அடங்கி, பிழைத்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்த நான்காவது வாரத்தில் நோய் மூளைக்கு ஏறியது. எதையோ மெல்லுவதுபோல் தாடை அடித்துக்கொண்டது. வாயில் நுரை தள்ளியது. பக்கவாட்டில் சரிந்து நான்கு கால்களாலும் காற்றை உதைத்தான்.

அந்தக் காட்சியைக் கண்ட தெரு ஒரே முடிவுக்கு வந்தது: வெறிநாய். பையன்கள் கல்லைப் பொறுக்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. வெறிநோயும் மூளையைத் தாக்குவதுதான். தடுப்பூசி போடாத குட்டியிடம் இவ்விரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது மருத்துவருக்கே எளிதன்று. எங்கள் மருத்துவரும் ஆபத்தோடு விளையாடவில்லை. குட்டியைத் தனியே வைக்கச் சொன்னார். கையுறையின்றித் தொடக்கூடாது என்றார். எங்கள் இருவரையும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் செய்தார். வெறிநோயின் அறிகுறி கண்ட நாய் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். பத்து நாள் கடந்தது, பதினைந்தும் கடந்தது. மணி உயிரோடு இருந்தான். டிஸ்டெம்பர் மனிதருக்குத் தொற்றி நோய் தருவதில்லை என்று தெருவில் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிப் புரியவைக்க மேலும் ஒரு மாதம் பிடித்தது.

டிஸ்டெம்பர் வைரஸ் மனிதருக்கு வரும் தட்டம்மையின் நெருங்கிய உறவு. நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை அது அரித்துவிடுகிறது. நோய் போனபின்னும் அது செய்த சேதம் போவதில்லை. மணியின் இடது முன்னங்கால் நொடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் துடித்துக்கொண்டே இருக்கும். தாடையின் ஓரத்திலும் சிறு துடிப்புண்டு. மூளையின் கட்டளை இல்லாமலே நரம்பணுக்கள் தாமாக அந்தத் துடிப்பை எழுப்புகின்றன. உறக்கத்திலும் அது நிற்பதில்லை. அதை நிறுத்த உறுதியான மருந்தும் இல்லை. பின்னங்கால்கள் தளர்ந்தவை, வழவழப்பான தரையில் நான்கடி எடுத்துவைத்தால் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்துவிடும். பற்களின் எனாமல் சரியாக உருவாகாமல் மஞ்சளாகவும் குழிகுழியாகவும் இருக்கிறது. இது போதாதென்று வலிப்பும் சேர்ந்துகொண்டது.

எதிர்வீட்டு அம்மாள் கண்டது இவ்வளவையும்தான். வாசலில் நின்று பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். உடனிருந்து பார்த்தால் தெரிவது வேறு.

காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் பீனோபார்பிடோன் மாத்திரை. வலிப்புள்ள மனிதர்களுக்குத் தரும் அதே மருந்து. மருந்துச்சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். சீட்டில் 'மணி, நாய்' என்றிருப்பதைக் கண்டு சில கடைகளில் சீட்டிருந்தும் தரமாட்டார்கள். ஒருவேளைகூடத் தவறக்கூடாது, திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். கல்யாணம், கருமாதி எதுவானாலும் எங்களில் ஒருவர் ஏழு மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை. நடக்கும் வழியெங்கும் ரப்பர் விரிப்பு. துடிக்கும் காலால் தட்டிவிடாதபடி கனத்த மண்சட்டியில் தண்ணீர். தலையை அதிகம் தாழ்த்தாமல் உண்ணும்படி சோற்றுத்தட்டுக்கு அடியில் ஒரு மணைப்பலகை.

வலிப்பு வரும்போது செய்யவேண்டியதை நாங்கள் மெல்லத்தான் கற்றோம். வாய்க்குள் கைவிடக்கூடாது; நாய் தன் நாக்கை விழுங்கிவிடாது. அருகிலிருக்கும் நாற்காலியை விலக்கவேண்டும். விளக்கை அணைக்கவேண்டும். கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஒரு நிமிடம் ஒரு யுகமாகத் தெரியும். கடிகாரம்தான் நிதானம் தரும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மீண்டும் மீண்டும் வந்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லவேண்டும். நின்றபின் சிறிதுநேரம் அவனுக்கு எங்களை அடையாளம் தெரியாது. கண்ணும் சரியாகத் தெரியாது. சுவரில் முட்டிக்கொண்டு நடப்பான். பிறகு அடங்காத பசி வரும்.

இவற்றுக்கிடையில் ஒரு முழு நாள் இருக்கிறது. மணி பால்காரரின் வண்டியை நூறடித் தொலைவிலேயே அறிவான். அணிலைத் துரத்த ஓடி, விழுந்து, விழுந்ததைப் பொருட்படுத்தாமல் எழுந்து ஓடுவான். தயிர்சாதத்தைத் தின்பான், அதில் கலந்த கேரட்டைத் துல்லியமாக ஒதுக்குவான். பிற்பகலில் மல்லாந்து, துடிக்கும் கால் துடித்தபடியே, குறட்டை விட்டுத் தூங்குவான். தன் கால் துடிப்பதை அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்து நாங்கள் கண்டதில்லை. துடிப்பில்லாத கால் எப்படியிருக்கும் என்ற ஒப்பீடு அவனிடம் இல்லை. அந்த ஒப்பீட்டை வைத்துக்கொண்டு துன்பப்படுபவர்கள் நாம்தான்.

இந்த இடத்தில் ஜே. எம். கூட்ஸியின் 'டிஸ்கிரேஸ்' நாவலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1999இல் வெளிவந்த அந்நாவலின் இறுதிப் பக்கங்களில், பல்கலைக்கழக வேலையை இழந்த பேராசிரியர் டேவிட் லூரி, யாருக்கும் வேண்டாத நாய்களைக் கொல்லும் விலங்குநல மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறார். அங்கே பின்னங்கால் சூம்பிய ஓர் இளநாய் அவரிடம் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு இன்னும் ஒரு வாரம் தவணை தர அவரால் முடியும். தரவில்லை. அவரே அதைக் கையில் ஏந்திச் சென்று ஒப்படைக்கிறார்.

மணி வருவதற்கு முன் அந்தப் பக்கங்களை வாசித்தபோது, பற்றைத் துறந்த மேலான அன்பு என்றே எங்களுக்குப் பட்டது. அந்த வாசிப்பு பிழை என்று இன்றும் சொல்லமாட்டோம். எவரும் ஏற்காத நாய்களுக்கு அந்த மருந்தகத்தில் வேறு வழியில்லை. ஆனால் அந்த 'ஒரு வாரம்' இப்போது எங்களை உறுத்துகிறது. காரணம், நாங்களும் ஏறக்குறைய அதையேதான் செய்ய இருந்தோம்.

முதல் ஆண்டின் மாசி மாதத்தில் ஒரே நாளில் அவனுக்கு மூன்று வலிப்புகள் வந்தன. மாத்திரை தொடங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாவது வலிப்பு முடிந்த விடியற்காலையில், போதும் என்று இருவரும் முடிவெடுத்தோம். பழைய வேட்டி ஒன்றை எடுத்துவைத்தோம். தோட்டத்தில் இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. மருத்துவமனைக்குப் போய் எங்கள் முடிவைச் சொன்னோம். மருத்துவர் எங்களைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. வலிப்பை அடக்க ஊசி போட்டு, பகல் முழுதும் கண்காணிப்பில் வைத்துவிட்டு, ஒரே ஒரு தகவலைச் சொன்னார்: இந்த மருந்து இரத்தத்தில் நிலையான அளவை எட்ட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். "மருந்து இன்னும் வேலையே தொடங்கலை. அதுக்குள்ள எப்படித் தீர்ப்பு சொல்லுவீங்க?"

நாங்கள் திரும்பி வந்தோம். மூன்றாவது வாரத்தில் வலிப்பு குறைந்தது. இப்போது இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. இதில் அற்புதம் ஏதுமில்லை. டிஸ்டெம்பருக்குப் பின் வரும் வலிப்பு எல்லா நாய்களிடத்தும் மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை, மணியிடம் கட்டுப்பட்டது. நாங்கள் சொல்லவருவது ஒன்றுதான். அன்று விடியற்காலையில் நாங்கள் எடுத்த முடிவுக்குக் கருணை என்று பெயரிட்டிருந்தோம். எங்கள் மூன்று நாள் உறக்கமின்மையும், அந்தக் காட்சியை இன்னொருமுறை காணவேண்டுமே என்ற அச்சமும்தான் அதில் பெரும்பகுதி. ஒரு மாத்திரை வேலை செய்யத் தேவையான ஐந்து நாட்களுக்கு முன்பாகவே ஓர் உயிரை முடித்திருப்போம்.

அன்று மருத்துவர் வேறொன்றையும் சொல்லித்தந்தார். சமையலறை நாட்காட்டியில் தினமும் இரவு ஒரு குறி இடவேண்டும். நல்ல நாளானால் வட்டம். கெட்ட நாளானால் பெருக்கல் குறி. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர், நோயுற்ற வளர்ப்புப் பிராணிகளுக்காக 2004இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுந்திருத்தல் என்று ஏழு கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். உயிரை எண்ணில் அளப்பதா என்று முதலில் எங்களுக்குக் கசந்தது. பிறகு புரிந்தது. இந்த ஏழில் ஒன்றுகூடப் 'பார்ப்பவருக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்கவில்லை. எல்லாக் கேள்விகளும் நாயின் பக்கத்தில் நின்று கேட்கப்பட்டவை.

இதை எழுதுவது கருணைக்கொலையைப் பழிப்பதற்காக அன்று. மருந்துக்கு அடங்காத வலிப்போடு, உண்ணாமல், எழாமல் கிடக்கும் நாயை விடுவிப்பவர் கொடியவரல்லர். தீவிரமான துடிப்பு விலங்கை உறங்கவிடாமல் களைத்துப்போகச் செய்வதும் உண்டு. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் வழியில்லாத, பகலெல்லாம் வேலைக்குப் போகவேண்டிய ஒருவரிடம் எங்கள் வாழ்க்கையை அளவுகோலாக நீட்டுவது அநியாயம். எங்கள் நாட்காட்டியிலும் பெருக்கல் குறிகள் மிகும் மாதம் ஒன்று வரலாம். வந்தால் அந்த வேட்டியை மீண்டும் எடுப்போம். ஆனால் அப்போது நாங்கள் பார்த்துவிட்டு எடுத்த முடிவாக அது இருக்கும். பார்க்கச் சகியாமல் எடுத்த முடிவாக இராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மணிக்கு நாங்கள் செய்யும் அத்தனையும், அவனுக்கு ஆறு வாரம் தொடங்கிப் பதினாறு வாரம் வரை சில ஊசிகள் போடப்பட்டிருந்தால் தேவைப்பட்டிராது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி சரிவரப் பிடிக்காது. அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற ஆணைகளையொட்டித் தெருநாய்களைப் பற்றிய வாதம் நாடெங்கும் மூண்டது. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் பேசப்பட்டன, பேசப்படவேண்டியவையே. மழைக்காலந்தோறும் நம் தெருக்களில் குட்டிகளைக் கொத்தாக அள்ளிச்செல்லும் இந்நோய் பேச்சில் வரவில்லை. இதே வைரஸ் 2018இல் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்றபோது தடுப்பூசி வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டது. தெருக்குட்டிக்கு அது பக்கத்து மருந்தகத்திலேயே கிடைக்கிறது.

இலக்கிய இதழ் வாசகர்களுக்கு இதில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1923இல் இங்கிலாந்தில் 'தி ஃபீல்டு' என்ற இதழ் டிஸ்டெம்பர் ஆராய்ச்சிக்கென ஒரு நிதியைத் தொடங்கியது. அந்தப் பணத்தின் துணையோடு லெய்ட்லா, டன்கின் ஆகிய இருவரும் தடுப்பூசியை உருவாக்கினார்கள். அவர்கள் ஆய்வுக்குப் பயன்படுத்திய ஃபெரட் என்னும் சிறுவிலங்கைக் கொண்டே, 1933இல் லெய்ட்லா உள்ளிட்ட மூவர் மனித இன்ஃபுளுயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். நாய்க்கென்று தொடங்கிய வேலை மனிதருக்கும் பயன்பட்டது. நாம் ஆய்வுக்கூடம் கட்டவேண்டியதில்லை. அடுத்த மழைக்கு முன் நம் தெருமுனைக் குட்டிகளை ஒரு கூடையில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோனால் போதும்.

எதிர்வீட்டு அம்மாள் இன்னும் அவ்வப்போது கேட்கிறார். இப்போது நாங்கள் அவரை உள்ளே அழைத்து நாட்காட்டியைக் காட்டுகிறோம். சென்ற மாதத்தில் இருபத்தெட்டு வட்டங்கள், இரண்டு பெருக்கல் குறிகள். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நமக்கே இத்தன நல்ல நாள் வரலியேம்மா" என்றார்.