விட்டுவிட்டு வரும் கோளாறு

முற்றாக இறந்துவிட்ட கணினித் திரையைப் பழுது பார்ப்பது எளிது. நினைத்தபோது எரிந்து நினைத்தபோது அணையும் திரைதான் மனிதனைப் படுத்துகிறது. மெக்கானிக்கின் மேசையில் ஒழுங்காக எரியும். திரும்பி வந்ததும் இருண்டுவிடும். இத்தகைய திரைகளைக் கல்லூரிகளும் அலுவலகங்களும் 'கண்டம்' செய்து மூலையில் அடுக்குகின்றன. மாற்றுத் திரை வர ஆண்டுகள் ஆகும். அதுவரை மாணவர்கள் ஒரு கணினிக்கு மூவராக அமர்வார்கள். இத்தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பதே என் துணிபு.

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இதற்கு வாகான சாக்கு ஒன்றும் உண்டு: சாரல். ஜூன் முதல் ஆகஸ்டு வரை எது பழுதானாலும் ஈரத்தின் தலையில் கட்டிவிடுவோம். ஈரத்துக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. தூசியில் ஊறிய ஈரம் மின்கசிவுக்கு வழி செய்யும். பிளக்கின் முனை களிம்பேறும். ஆனால் சித்திரை வெயிலிலும் அதே திரை அணைந்தால் சாரல் என்ன பாவம் செய்தது?

சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பவரின் பொறுமை இங்கும் வேண்டும். எப்போது அணைகிறது என்று குறித்து வைக்க வேண்டும். முதலில் மின்கம்பியை மாற்றி, யூ.பி.எஸ்ஸைத் தவிர்த்து, வேறொரு சுவர்ப் பிளக்கில் செருகிப் பார்க்கலாம். காலையில் உயிர் பெறாமல் அடம்பிடித்து, சூடேறிய பின் நன்றாக ஓடினால் மின்வழங்கிப் பலகையிலுள்ள கெபாசிட்டர் மீது ஐயம் கொள்ளலாம். அரைமணி ஓடி அணைந்து, தட்டினால் மீண்டால், விரிசல் விட்ட பற்றவைப்பாக இருக்கக்கூடும். பழைய எல்.சி.டி. திரை இருண்டிருக்கையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கலாக உருவம் தெரிகிறதா? அப்படியானால் படம் இருக்கிறது, பின்னொளிதான் இல்லை.

கெபாசிட்டரின் ஆயுள் பற்றி ஒரு கணக்கு. 105 டிகிரி வெப்பத்தில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டது, பத்து டிகிரி குறையுந்தோறும் ஏறத்தாழ இரு மடங்கு உழைக்கும். 65 டிகிரியில் 32,000 மணி; நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் பதினோரு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. ஆக, பழைய திரை தள்ளாடுவதில் மர்மம் ஏதுமில்லை. போதாக்குறைக்கு 2000களின் முற்பகுதியில் குறைபாடுள்ள மின்பகுதிரவம் அடைத்த கெபாசிட்டர்கள் உலகெங்கும் சந்தைக்கு வந்து, உள்ளே வாயு சேர்ந்து தலை புடைத்தன. சில ரூபாய் உதிரிப் பொருள். அதே கொள்திறன், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரித் தரம், நேர்-எதிர் முனை மாறாமை. கவனிக்க வேண்டியவை இவ்வளவே.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பிவிட வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்சாரம் அப்பலகையில் 325 வோல்ட் நேர்மின்சாரமாகத் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் நிற்கும். பழைய குழாய்த் திரைகளிலோ இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல். திறப்பது மெக்கானிக்கின் வேலை. குறிப்பெடுத்துத் தருவதே நம் வேலை.

அந்த மெக்கானிக்கின் கையையும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். வால்வு வானொலிகள் பலவற்றில் பெட்டியின் உட்புறத்திலோ கையேட்டிலோ சுற்றுப்படம் அச்சிட்டிருந்தது. இன்றைய திரைகளோ உரையின்றி மூலத்தை மட்டும் நீட்டுகின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளருக்கு மறுசுழற்சி இலக்கு விதிக்கின்றன. நல்லதுதான், குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறதே. ஆயினும் உடைத்து உருக்குவதற்கு முன் பழுது பார்ப்பது என்றொரு படி உண்டல்லவா? 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதுவே போதும் என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. சுற்றுப்படத்தை வெளியிடுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கண்டப் பட்டியலில் 'பழுது' என்ற ஒற்றைச் சொல்லை ஏற்க மறுத்து, கோளாறு எப்போது வருகிறது, மின்வழங்கிப் பலகையைத் திறந்து பார்த்தவர் யார், என்ன கண்டார் என்று மூன்று வரி எழுதச் சொல்லலாம்.